ஸ்பிரிட்டில் கிடந்த எட்டுக்கால் பூச்சி

மதுவிலக்கு வந்த புதிது. ராயபுரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு துறைமுகக் கூலிகள். மூத்தவர் கையில் ஒரு காலி பாட்டில்.

“குடோன் சந்துல நான் புட்ச்ச எட்டுக்கால் பூச்சிடா! எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாததுன்னு மியூசியம் ஐயா குதிச்சாரு. கெடாம வைக்க ஸ்பிரிட்டும் ஊத்திக் குடுத்தாரு. அத்தப் போயி குட்ச்சிட்டு வந்து நிக்கிறியே!”

“பூச்சிய இன்னா பண்ணேன் நைனா? துண்டுல வடிகட்டித்தான் குட்ச்சேன். தோ, துண்டுலயே பத்திரமா கீது.”

“எட்டு காலும் கீதா?”

இளையவர் துண்டைப் பிரித்து எண்ணினார். “ஆறு கீது.”

“நாளைக்கு ஐயா வந்து கேட்டா இன்னாடா சொல்லுவேன்?”

“இத்தவிடப் பெருசா ஒண்ணு மாட்டிக்கீதுன்னு சொல்லு நைனா. பெரிய பாட்டிலா குடுப்பாரு.”