ஒடையாத கொடம்

ஏமாத்திட்டான் சார் அவன்! கழுத்துல டை கட்டிக்கிட்டு, சிரிச்சிச் சிரிச்சிப் பேசியே என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். இந்தக் கொடத்தைப் பாருங்க. தொட்டுத்தான் பாருங்களேன், பிளாஸ்டிக்குதான், கடிக்காது. கழுத்துலேர்ந்து அடி வரைக்கும் எப்படிப் பொளந்து கெடக்குது! இதை அவன் கம்பெனி மேஜை மேல வெக்கத்தான் மெட்ராஸுக்கு டிக்கெட்டு எடுத்திருக்கேன். நீங்க எங்க, எழும்பூரு வரைக்குமா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் அப்படி நவுந்துக்கங்க. ஜன்னலைச் சாத்தாதீங்க, கரி பறந்தா பறக்கட்டும்.

எம்பேரு தனபாலு. விருத்தாசலம் டேசன் ரோட்டுல பிளாஸ்டிக் கடை. ஊர்ல மொதக் கடை அதான்! அதுக்கு முன்ன ஊறுகா ஜாடி. எங்க மாமனாரு விருத்தகிரி ஜாடி சுடுறவரு, சொந்தச் சூளை. அந்த வூட்டுக்கு நான் மாப்பிள்ளையாப் போனேனா, கூலிக்குப் போனேனான்னு எனக்கே வெளங்கல. ஜாடிக்கு வைக்கோலு சுத்தி, மாட்டு வண்டியில ஏத்தி, பெண்ணாடம் சந்தைக்குப் போவேன். வழியில ஒரு பள்ளம் வந்தாப் போச்சு. உள்ள 'டங்'குங்கும். எந்த ஜாடின்னு தெரியாது. சந்தை வர்ற வரைக்கும் வைக்கோலைப் பிரிச்சும் பாக்க முடியாது.

அப்பதான் வந்தான் அந்த டைக்காரன், பிளாஸ்டிக் கம்பெனி ஆளு. சூளை வாசல்ல நின்னுக்கிட்டு, ஒரு பிளாஸ்டிக் கொடத்தைத் தரையில ஓங்கி அடிச்சான் சார்! எனக்கு உசுரே போயிட்டுது. கொடம் என்னா பண்ணுச்சு? துள்ளிக்கிட்டுப் போயி மாமனாரு காலடியில நின்னுச்சு! 'மாமா, இனிமே உங்க மண்ணு உங்களுக்கு, என் பிளாஸ்டிக்கு எனக்கு'ன்னுட்டேன். வாயி சார், எனக்கு வாயி.

ஆனா பேரத்துல என்னை எவனும் அசைக்க முடியாது. பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது இல்ல, சந்தையில அடிபட்டுக் கத்துக்கிட்டது. அந்த டைக்காரன் கையில இருந்த டீ ஆறிப் போற வரைக்கும் பேசி வெலைய எறக்குனேன். பொங்கலு கழிச்சி ஒரு லாரி வந்துது. மஞ்ச, செவப்பு, பச்சைன்னு வூடு கொள்ளல! எறக்கிட்டுப் போறப்ப அந்த டைக்காரன் ஒரு வார்த்த சொன்னான், 'நெழல்ல வைங்க'ன்னு. அட, சூளைக்காரன் வூட்டு மாப்பிள்ளைக்கு வந்து பாடம் சொல்றான்!

ஆடிப் பெருக்குக்கு முன்ன சேத்தியாத்தோப்பு சந்தையில கடை போட்டேன். பொம்பளைங்க கூட்டம் தள்ளுது. ஒடையாத கொடம், ஒடையாத கொடம்னு தொண்டை கட்ற வரைக்கும் கத்தி வித்தேன். அடுத்த சந்தைக்குப் போறேன், அம்சவல்லின்னு ஒரு அம்மா ஒடைஞ்ச கொடத்தோட நிக்கிது. 'இடுப்புல வெச்சேன், படக்குன்னு விட்டுப் போச்சு, பொடவை பூரா தண்ணி! நீ விக்கிறது கொடமா, அப்பளமா?'ன்னு கேக்குது. அதுக்குப் பின்னால பாத்தா ஒரு ஊரே நிக்கிது சார்!

மாமனாரு விடுவாரா? 'ஆவணி பொறக்கறதுக்குள்ள அத்தனை பேருக்கும் வேற கொடம் குடு. இல்லன்னா கடையப் பூட்டிட்டு சூளைக்கு வெறகு தள்ள வா'ன்னுட்டாரு. எம் பொண்டாட்டி கொளஞ்சியும் அப்பன் பேச்சுக்குத் தலைய ஆட்டிட்டா. எங்க ஒக்காந்துக்கிட்டு? என் கடையில, என் ஸ்டூலு மேல! மறுபடியும் அந்தாளு முன்னால கை கட்டி நிக்கிறதுக்கு வெள்ளாத்துல வுழுந்துடலாம். முழங்காலு தண்ணிதான் ஓடுது, அது வேற விஷயம்.

என்னா கேக்கறீங்க? நெழல்லதான் சார் வெச்சேன், சத்தியமா! தை மாசம் பூரா கொட்டாயிலதான் கெடந்துது. சுடாத பச்சை மண்ணு ஜாடிய எடுத்த எடுப்புல வெயில்ல வெச்சா வெடிச்சிடும். மொதல்ல நெழலு, அப்புறந்தான் வெயிலு. எங்க தொழில்ல அதான மொறை? மாசி பொறந்ததும் மொட்டை மாடியில அடுக்கிட்டேன். பங்குனி, சித்திரை, அக்னி நட்சத்திரம்... ஒரு வெயில விடல. நானே ஏறிப் போயி திருப்பித் திருப்பி வெச்சேன், எல்லாப் பக்கமும் ஒண்ணா காயணும்ல? இதுக்குத்தான் சூளையும் கெடையாதே, வெயில்லயே நல்லா இறுகட்டும்னு...

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? வெயிலு ஆவாதா? வெயில்ல கெடந்தா சத்து போயி மொறுமொறுன்னு ஆயிடுமா? நீங்க... ஓ, காலேஜுல கெமிஸ்ட்ரி வாத்தியாரா?

அப்ப, நாலு மாசமா மாடி ஏறி ஏறி, ஒரு லாரி சரக்கையும் நானேதான்...

இருங்க இருங்க! பையை ஏன் எடுக்கறீங்க, விழுப்புரமே இன்னும் வரல. ஒக்காருங்க. மாடி விஷயம் நமக்குள்ள இருக்கட்டும், அவங்கிட்ட சொல்லப் போறதில்ல. நெழல்ல வைங்கன்னானே, அதுக்கப்புறமும் வெயில்ல வெக்காதீங்கன்னு சொன்னானா? சுத்தி ஜாடி வெயில்ல காயுது, அதைக் கண்ணால பாத்துக்கிட்டுத்தான சொன்னான்? எவங்கிட்டப் பேசறோம்னு தெரிய வேணாம்? பாதி சொன்னவன்தான் மீதிக்கும் பொறுப்பு! எங்க சார் போறீங்க? அந்தப் பக்கம் காத்தே வராது... சரி, போங்க. அங்கேர்ந்தும் கேக்கும்!

புதுக் கொடம் வேணும் எனக்கு. லாரியில அனுப்பிட்டா ஆயிடாது. அவனே வரணும். சந்தையில நின்னு ஒவ்வொரு பொம்பளை கையிலயும் அவனே குடுக்கணும். குடுத்துட்டு, எங்க மாமனாரு காதுல வுழற மாதிரி சொல்லணும், 'மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லீங்க'ன்னு. ஆவணிக்குள்ள வந்து சொல்லணும் சார் அவன்!