இடப்பக்கத்துக் கஷாயம்

பெயர்: மா கும்சில், வயது 56, க/பெ பியோ தோங்சூ, மருந்துத் தெருவுக்குப் பின்புறமுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு, தேகு நகரம்.

விசாரித்தபோது கூறியதாவது: நான் மேற்படி முகவரியில் கணவருடன் வசித்து வருகிறேன். என் மகள் சேரினுக்கு வசந்தத்தில் திருமணம். அதற்கு நான் உடுத்தத் தைத்த பட்டு ஹன்போக் உடையின் மேல்சட்டை மார்பில் சேராததால், வைத்தியர் சோல் கியூஹோவிடம் சென்றேன். அவர் நாடி பார்த்து, எனக்கு உடல் இளைக்க ஒரு கஷாயமும், சதா சோர்ந்து கிடக்கும் என் கணவருக்கு ஜின்செங் வேர் சேர்த்த சத்துக் கஷாயமும் காய்ச்சி, பொட்டலங்களில் அடைத்து, பெயர் எழுதிய பெட்டிகளில் அனுப்பினார். பெட்டிகள் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃப்ரிட்ஜில் நுழையாததால் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, என் பொட்டலங்களை இடப்பக்கமும் கணவருடையவற்றை வலப்பக்கமும் அடுக்கினேன்.

அதன்பின் குளிர்காலத்துக்கான கிம்ச்சி போட்டோம். டப்பாக்களை உள்ளே வைக்கும் வேலையைக் கணவரிடம் விட்டேன். அதன்பின் தவறாமல் இடப்பக்கத்துக் கஷாயத்தையே குடித்து வந்தேன். பசி அடங்கவில்லை, சோற்றுப் பானையை வழித்துச் சாப்பிட்டேன். சட்டை முன்பைவிட இறுகியது. என் கணவரோ இளைத்து, விடியுமுன் எழுந்து ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தார். மகள் கல்யாணம் என்றதும் மனிதருக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். வைத்தியர் மீதுதான் ஆத்திரம் தாங்காமல், மோசடி என்று இக்காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். வைத்தியசாலையையே மூட வேண்டிவரும் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

இன்று தாங்கள் சொன்னபடி மீதிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தேன். விசாரணைக்கு வந்திருந்த வைத்தியர் அதைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "அம்மா, இது உங்க வீட்டுக்காரரோட மருந்து. அப்ப உங்களோடத யாரு குடிக்கிறா?" என்றார்.

உடன் வந்திருந்த என் கணவர், "டப்பா வைக்க எடம் பத்தலேன்னு நாந்தான் மாத்தி அடுக்கினேன். ரெண்டும் கசப்புத்தானேய்யா?" என்றார்.

"ஏங்க சேரின் அப்பா, பெருத்தது நானு, பழி அவருக்கா?" என்று கத்தினேன். எழுதிக்கொண்டிருந்த காவலர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் வைத்தியர் கணவரின் நாடியைப் பிடித்து, "தடதடன்னு ஓடுது. இன்னிக்கே நிறுத்துங்க" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் நாடியையும் பார்த்து, "சட்டையப் பிரிச்சுத் தச்சுக்கலாம்மா. ஒடம்பு இப்பத்தான் நல்லாருக்கு" என்றார். உண்மைதான், பல வருடங்களுக்குப் பிறகு கை கால் சில்லிடாமல் தூங்குகிறேன்.

எனவே புகாரை முழுமனதுடன் திரும்பப் பெறுகிறேன். சமையலறை ஜன்னல் மட்டும் பாக்கியிருப்பதால், கணவருக்குக் கடைசியாக ஒரு பொட்டலம் கொடுக்கலாமா என்று கேட்டேன். வைத்தியர் மறுத்துவிட்டார். அது தவிர எனக்கு யார் மீதும் குறையில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) மா கும்சில்