ஒருவருக்கு ஒரு சிமிழ்

கோப்பி வடிக்கும் துணிக்குச் சவர்க்காரம் போடக் கூடாது, ஐயா. வெந்நீரில் அலசி வெயிலில் காயவிட்டால் போதும். சவர்க்காரம் பட்டால் அந்த மணம் அடுத்த மூன்று செத்தவீட்டுக்கும் போகாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் தந்த கோப்பியை நீங்கள் முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கையில் வைத்திருக்கிறீர்கள். பயப்படாமல் குடிக்கலாம். அதில் ஒன்றும் கலக்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"நான் எப்ப செத்தனான்?" என்று படலையடியில் நின்று கேட்டீர்கள். முற்றத்திலிருந்த சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. உங்களுடைய ஆறாவது திவசத்துக்கு வந்த சனம் அது. மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் வடையும் பாயசமும் படைத்திருக்கிற நேரத்தில், சுவிசிலிருந்து நீங்களே பையும் கையுமாக வந்து நின்றது யாருக்கும் வசதியாக இருக்கவில்லை. பாவம், ஐயர்தான் தட்சணையை வாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்துப்போனார். உங்கள் மனைவி கஜனி அம்மா மயங்கி விழுந்துவிட்டார். அவர் எழும்பும்வரை நேரம் இருக்கிறது, ஆறுதலாகவே சொல்கிறேன். கதிர்காமநாதன் ஐயா, உங்களைச் சாகடித்தது நான்தான்.

என்னை உங்களுக்குத் தெரியும். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து, உங்கள் அப்பாவின் வயலில் வேலைக்கு நின்ற நல்லதம்பி. உங்கள் வீட்டுக் குசினிக்குள் நான் கால் வைத்தது கிடையாது. தண்ணீர் கேட்டால் சிரட்டையில் வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிரட்டையில் தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

ஆனால் செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது அல்லவா. எடுத்துக்கொண்டு போகும்வரை அந்த வீட்டுக் குசினியில் புகை வராது. கோப்பியைப் பக்கத்து வளவிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். உங்கள் அப்பா கண்ணை மூடிய அன்று பேய்மழை. ஊரில் ஒருவருக்கும் விறகு பற்றவில்லை. என் கொட்டிலில் காய்ந்த பாலைவிறகு இருந்தது, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த, நூறு பேருக்குக் காய்ச்சக்கூடிய பெரிய கிடாரமும் இருந்தது. அழுது களைத்த சனம் யாருடைய கை என்று பார்க்கவில்லை. உங்கள் அம்மா கமலாட்சி அம்மா கோப்பையை நீட்டி, "தம்பி, இன்னுங் கொஞ்சம் விடு" என்றார். அதுவரை நான் அவருக்கு வெறும் "டேய்".

அதற்குப் பிறகு இந்த ஊரில் யார் செத்தாலும் என் கிடாரம்தான். "நல்லதம்பி அண்ணை, இஞ்சால வாங்கோ" என்று கூப்பிடுவார்கள். அடுத்த நாள் வயலில் பழையபடி "டேய்". செத்தவீட்டு முற்றத்தில் மட்டும் நான் அண்ணை. அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கோப்பியை ஆளுக்கொரு விதமாகப் போடுகிறார்கள். உங்கள் மைத்துனர் யோகலிங்கம் ஐயா ஒரே தூளைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைப்பார், அது மருந்துக் கசாயம். கஜனி அம்மா தூளைக் கோப்பையில் போட்டுச் சுடுதண்ணீர் விட்டுக் கலக்குவார், கடைசி மிடறு பல்லில் மண்ணாக நிற்கும். நான் கொட்டையை மல்லியோடும் சுக்கோடும் வறுத்து இடிப்பேன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கிவைத்து, தூளைப் போட்டு மூடி, கொஞ்ச நேரம் கழித்து மேலே ஒரு கை பச்சைத்தண்ணீர் தெளிப்பேன். தூள் அடியில் படியும். பிறகுதான் துணியில் வடிப்பேன். இதில் அவசரப்பட ஒன்றுமில்லை. செத்தவர் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் நீங்கள் அந்தக் கோப்பி மெசினை அனுப்பினீர்கள். தொண்ணூற்றைந்தில், சமாதானம் என்று சொன்ன அந்த நாலு மாதத்துக்குள், உங்கள் கூட்டாளி ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரில் கறண்ட் இல்லாமல் ஐந்து வருடம் ஆகிறது என்பதை நீங்கள் மறந்திருப்பீர்கள். யோகலிங்கம் ஐயா தன்னுடைய படம் காட்டும் ஜெனரேற்றரைக் கொண்டுவந்தார். கோப்பித்தூள் அடைத்த பெருவிரலளவு தகரச் சிமிழ் ஒன்றை உள்ளே வைத்து அமத்தினார்கள். ஜெனரேற்றர் அடுத்த ஊர் அக்கராயன்வரைக்கும் கேட்கக் கத்தியது. அரைப்போத்தல் மண்ணெண்ணெய் முடிகிற நேரத்தில், கோழிமுட்டைக் கோதுக்குள் அடங்கக்கூடிய கோப்பி கீழே வந்தது. ஒருவருக்கு ஒரு சிமிழ். அடுத்தவர் அடுத்த சிமிழுக்குக் காத்திருக்க வேண்டும்.

எனக்கும் ஒன்று தந்தார்கள், சிரட்டையில். குடித்தேன். எப்படி என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன்.

கஜனி அம்மா சந்தோஷத்தில் சொன்னார்: "இனி ஆர் செத்தாலும் அடுப்புத் தேவையில்லை. இதுக்குள்ள நெருப்பே இல்லைத்தானே."

"அப்ப நல்லதம்பியின்ர கிடாரத்தை இரும்புக்குப் போடலாம்" என்றார் யோகலிங்கம் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சபையில் சிரிக்காமல் இருப்பது மரியாதை இல்லை.

நான் நியாயமாக யோசித்துப் பார்த்தேன். மெசின் ஒருவர் இருவருக்குச் சரி. சனம் கூடுகிற இடத்தில் அது படுத்துவிடும். ஆனால் சொன்னால் யார் கேட்பார்கள். கண்ணால் காட்ட வேண்டும், அதற்குக் கூட்டம் வேண்டும். கலியாணம் என்றால் பொருத்தம் பார்க்கவே ஒரு வருடம் போய்விடும். செத்தவீடுதான் கைக்கெட்டிய வழி. ஆனால் அந்த மாதம் பார்த்து ஊரில் எல்லோரும் நல்ல சுகமாக இருந்தார்கள். நாலு தரம் இழுத்துக்கொண்டு கிடந்த சுப்பம்மாக் கிழவியும் எழும்பி நெல்லுக் குத்தத் தொடங்கிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் கஜனி அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் தேனும் புளியும் விற்க வவுனியாவுக்குச் சைக்கிளில் போய்வருகிற ஆள், போன் எடுக்கவும் அங்கேதான் போக வேண்டும். உங்கள் போன் நம்பரைச் சிகரெட் மட்டையில் எழுதித் தந்து, "அவரோட கதைச்சு, சிமிழ் முடியப்போகுது, இன்னும் நாலு பெட்டி அனுப்பட்டாம் எண்டு சொல்லு" என்றார். என் கிடாரத்தை இரும்புக்குப் போடுவதற்கு நானே ஆள் அனுப்ப வேண்டுமாம். அவர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நல்ல மனுசி.

வவுனியாவில் போன் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் "ஹலோ, சுகமா, சுகமா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் வெளியே வந்துவிட்டேன். ஊரிலிருக்கும் ஒருவரைச் சாகடிப்பது பாவம், அவருக்கு வலிக்கும். சுவிசில் இருக்கும் ஒருவரைச் சாகடித்தால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. அன்றிரவும் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். உங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்து படலையடியில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சொன்னேன். பனியில் கார் சறுக்கிவிட்டதாம், அங்கேயே அடக்கம் முடிந்துவிட்டதாம் என்று.

கஜனி அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கும் அழுகை வந்தது, உண்மையான அழுகை. நீங்கள் நல்லவர், சின்ன வயதில் எனக்கு ஒருமுறை போட்டுக் கழித்த பழைய சேட்டு ஒன்று தந்திருக்கிறீர்கள்.

உடல் இல்லாத செத்தவீடு. படத்தை வைத்து விளக்கேற்றினார்கள். ஊர் முழுக்கத் திரண்டு வந்தது. நான் விறகை அடுக்கத் தொடங்கும்போது யோகலிங்கம் ஐயா, "அத்தான் அனுப்பின மெசின் இருக்கேக்க ஏன் வேற கோப்பி? அவற்ற கோப்பியையே குடுப்பம்" என்றார். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ஜெனரேற்றர் தொடங்கியது. ஒப்பாரி வைத்த பெண்களுக்குத் தங்கள் குரலே கேட்கவில்லை. இரண்டு மூன்று தரம் உரத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். சனம் கோப்பிக்கு வரிசையில் நின்றது. முதல் ஆள் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கொடுத்த பிறகும் மூன்றாவது ஆளுக்கு வரவில்லை. வரிசை வீதிக்குப் போய்விட்டது. பிறகு சிமிழ் முடிந்தது. பழைய சிமிழுக்குள் தூளை அடைத்து, சிகரெட் பெட்டி வெள்ளித்தாளால் மூடிப் பார்த்தார்கள். மெசின் அதை யோகலிங்கம் ஐயாவின் வேட்டியில் துப்பியது. ஜெனரேற்றரும் நின்றுவிட்டது.

அப்போது கஜனி அம்மா, தலைவிரி கோலமாக, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "நல்லதம்பி அண்ணை, நீங்கள் ஏதாவது செய்யுங்கோ."

என் கிடாரம் வேலியின் மறுபக்கம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் விடாமல் குடித்தார்கள், இரண்டாம் தரமும் கேட்டார்கள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதை ஒளிக்க மாட்டேன்.

அடுத்த கிழமை வவுனியாவுக்குப் போய், செத்தது வேறு கதிர்காமநாதனாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அதற்குள் எட்டாம் நாள் படையல், எட்டுச்செலவு வந்தது. அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. இடையில் உங்கள் அம்மா. அவரைப் பற்றி இன்னும் ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்கள் செத்த செய்திக்குப் பிறகு அவர் சாப்பிடுவதை விட்டுவிட்டார். என் கோப்பியைக்கூட வேண்டாமென்றார். எனக்கு அது பெரிய கவலை. அவருக்கு முன்பே இருமல் இருந்தது, ஆகையால் எல்லாவற்றையும் என் தலையில் போட முடியாது. அந்தச் செத்தவீட்டில் மெசினைப் பற்றி யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

நீங்கள் அனுப்பிய கடிதங்கள் வவுனியாப் போன் கடைக்கு வந்தன. சண்டை மறுபடி தொடங்கியதால் வேறு ஆட்கள் அதிகம் வந்துபோகவில்லை, ஸ்கந்தபுரத்துக்குப் போகிற ஆள் என்று என் கையில்தான் தருவார்கள். ஒன்றைக்கூட நான் வாசிக்கவில்லை. பிறருடைய கடிதத்தை வாசிப்பது பிழை. அப்படியே கிடாரத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். ஒருமுறை நீங்கள் அந்தக் கடைப் போனிலும் வந்தீர்கள், கஜனி எங்கே என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். அதில் பொய் இல்லை. நான் நின்றது வவுனியாவில். அவர் அந்த நேரம் கிணற்றடியில் நின்றாரா, கோவிலுக்குப் போனாரா என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஆறு வருடம் அவர் வெள்ளைச் சீலை கட்டினார். உங்களுக்கு வருடம் தவறாமல் திவசம் நடந்தது. வீட்டில் அடுப்பு மூட்டக்கூடிய நாளாக இருந்தும், என்னைக் கூப்பிட்டுத்தான் கோப்பி போடவைத்தார். உயிரோடு இருக்கிற எத்தனை புருசன்மாருக்கு இந்த மரியாதை கிடைக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒளிப்பது சரியில்லை. அன்று சிரட்டையில் தந்தார்களே, அந்தக் கோப்பி. அதுபோல ஒன்றை நான் என் வாழ்நாளில் குடித்ததில்லை. மேலே நுரை நின்றது. கசப்பு நாக்கில் வந்து, பிறகு இனிப்பாக மாறியது. நான் எத்தனை வருடம் வறுத்து இடித்தும் அந்த இடத்துக்குப் போகவில்லை. ஊருக்கென்றால் என் கிடாரம். ஒருவருக்கென்றால் உங்கள் மெசின்தான் திறம். இது அந்த முற்றத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இதோ, கஜனி அம்மா எழும்பி வாசலுக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார் போல.

"நல்லதம்பி, உன்ர கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு போ. இனி இந்தப் படலையைத் திறக்காத."

அண்ணை என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா. நீங்கள் உயிரோடு வந்ததில் எனக்குத்தான் பெரிய நட்டம். இருந்தாலும் கோபமில்லை. சனத்துக்கு மறதி கூட. இன்னொரு செத்தவீடு வந்தால் என்னைக் கூப்பிடாமல் என்ன செய்வார்கள்.

நான் வாறன். நாளைக்கு விடிய வவுனியாவுக்கு வெளிக்கிட வேண்டும். காலையில், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், யோகலிங்கம் ஐயா நம்பர் தந்தார். கனடாவிலிருக்கும் அவருடைய மகன் நிரோஜன் சுகமாக இருக்கிறானா என்று நான் கேட்டுவந்து சொல்ல வேண்டுமாம்.