விசிறிக்கு முன்னால் அடுக்கிய மூடைகள்

ஈர நெல்லை மூன்று நாள் மூடையில் கட்டி வைத்தால் முளைவிட்டுவிடும், ஐயா. வயல் செய்யாதவர்களுக்கு அந்தப் பதற்றம் விளங்காது. அதனால்தான் அதை முதலில் சொல்கிறேன்.

வட்டக்கச்சிச் சூரிய மின்நிலையத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பகலில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரிகள், லொறியளவு இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் இருக்கின்றன. உள்ளே சூடேறாமல் இருக்கப் பின்பக்க விசிறிகள் வெக்கையை வெளியே தள்ளும். அந்தப் பக்கம் எதையும் வைக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியவனே நான்தான்.

இம்முறை அறுவடை நேரம் மழை விடவேயில்லை. பக்கத்து வளவு இராசமலரக்கா தனியாள். வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்.

“தம்பி, சும்மா போற காத்துத்தானே. ஒரு படங்கு விரிச்சுக் காயவிடட்டே?”

எப்படி மறுப்பது? ஆபத்துக்குப் பாவமில்லை. ஓம் என்றேன்.

அவருடைய நெல் இரண்டு நாளில் காய்ந்துவிட்டது. பிறகு என் நெல்லையும் கொண்டுவந்தேன். படங்கில் இடம் போதவில்லை. மிச்சத்தை மூடையோடு விசிறிக்கு முன்னால் அடுக்கினேன். வெப்ப எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. நாலைந்து தரம் போய் நிறுத்தினேன். கடைசியில் வயரைக் கழற்றிவிட்டேன். இன்னும் ஒருநாள்தான் தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. வெள்ளைப் புகை என்றால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது, எந்நேரமும் வெடிக்கும், ஒருவரையும் கிட்ட விடாதே. பயிற்சியில் சொன்னது எனக்கு மனப்பாடம். கேற்றடிக்கு ஓடிவந்து தீயணைப்புக்கு அறிவித்தேன். வர இருபது நிமிடமாகும் என்றார்கள். மூடைகள் அப்படியே கிடந்தன. வருபவர்கள் கண்டால் வேலை போய்விடும். வீட்டில் உழைப்பவன் நான் ஒருவன்தான்.

புகையைக் கண்டு அக்கா ஓடிவந்தார்.

“என்ன தம்பி, ஏதும் பிழையோ?”

“ஒண்டுமில்லையக்கா, பெட்டி சூடாறுது. அந்த மூடையளை ஒருக்கா அங்கால இழுத்து விடுங்கோ. எனக்கு இடுப்பு ஏலாமக் கிடக்கு.”

“இதுக்கேன் இப்பிடிப் பதறுறாய்? நீ இரு, நான் பாக்கிறன்.”

சேலையைச் செருகிக்கொண்டு போனார். நல்ல மனுசி. இரண்டு மூடைகளை இழுத்துவிட்டார். மூன்றாவதில் கை வைத்தபோது பெட்டி வெடித்தது. நான் கத்தினேன், ஐயா. உண்மையாகவே கத்தினேன்.

நெல்லாசையில் போய்ச் செத்தார் என்று ஊர் கதைக்கிறது. முதல் வாக்குமூலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். அதைத் திருத்தத்தான் வந்தேன். அவருடைய நெல் வெடித்ததற்கு முதல்நாளே வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே கிடந்த ஏழு மூடையும் என்னுடையவை. என் இடுப்பிலும் ஒரு நோவும் இல்லை.

அன்று வேலியடியில் அவர் கேட்டபோதே நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரக்கப்பட்டது ஒன்றுதான், ஐயா, நான் விட்ட பிழை.