மடவை நிறத்தில் ஒரு விமானம்

"கருப்பு அடிச்சாதான்டா வெள்ளி வரும்" என்று அந்தப் பெண் சொன்னதும் திரும்பிப் பார்த்தேன். பழவேற்காடு ஏரியைக் கடக்கும் படகில் அக்காவும் தம்பியும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் அவளே ஒட்டிச் செய்த பிளாஸ்டிக் விமானம், சென்னையில் ஏதோ போட்டிக்குப் போகிறதாம்.

"மொதல்ல பளபளன்னு கருப்பு. அது காஞ்சப்புறம் மேல லேசா வெள்ளி. அப்பதான் தகடு மாதிரி தெரியும்."

"இன்னாக்கா, முதுகு மங்கலா கீது, வயிறு பளிச்சுனு கீது? ஜட்ஜு ஒத்துக்குவாரா?"

"நெஜ ப்ளேன்லயும் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு மாதிரிதான் மின்னும். மடவை மீனை முன்னால வச்சிப் பாத்துப் பாத்து அடிச்சேன்."

"மீனைப் பாத்தா ப்ளேனுக்குப் பெயிண்ட் அடிப்பாங்க?"

அவள் விமானத்தை எடுத்து வெயிலில் பிடித்தாள். தண்ணீரின் ஒளி இறக்கைமேல் மெல்ல ஊர்ந்தது. மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்து ஒன்று சரேலென்று இறங்கி, அவள் கைக்கு ஒரு சாண் மேலே வரை வந்து, ஏமாந்து திரும்பிப் போனது.

தம்பி பதறிப்போய் விமானத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

அவள் பருந்து போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எவன் மார்க்கு போட்டா இன்னாடா."