முன்னால குழி, பின்னால சுவரு

கயித்தத் தாண்டாதீங்க சார்! ஐயோ, தாண்டாதீங்க! அந்தத் தொப்பி மேடம் பாத்தாங்கன்னா என்னத்தான் புடிச்சு உலுக்குவாங்க. ஆமா, உங்க வண்டியேதான். காலையில விட்ட எடத்துலயே நிக்குது. முன்னால குழி, பின்னால சுவரு... அது எங்க போகும், பாவம்?

கோவப்படாதீங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. எல்லாத்தையும் சொல்லிடறேன்.

கார் விடற எடத்துல போய் யாராச்சும் குழி தோண்டுவாங்களா? சொல்லுங்க! எங்க ஓனரு இங்க மாடி மாடியா கார் நிறுத்தற கட்டடம் கட்டப்போறாரு. நல்ல விஷயம். கீழ உனக்கு ஒரு கண்ணாடி ரூமு, அதுல ஒரு ஃபேனு, ஜில்லுன்னு உக்காந்து சீட்டு குடுக்கலாம்னாரு. நானும் எங்க வீட்டுக்காரருகிட்ட, 'இனிமே எனக்கு வெயில்ல மண்ட காயற வேல இல்ல'ன்னு பெருமையடிச்சு வச்சிருந்தேன். ஆனா கட்டறதுக்கு முன்னாடி, அடியில பழங்காலத்துப் பொருள் ஏதாச்சும் கெடக்குதான்னு பாக்கணுமாம். கூப்பிடு தூரத்துல அந்த ரயில் பாதை போட்டப்போ பானையும் ஓடுமா வந்துச்சாம். வந்தா வந்துட்டுப் போகுது, எனக்கென்ன?

அதப் பாக்க அந்தத் தொப்பி மேடம் தலைமையில வந்தாங்க ஒரு கூட்டம். குச்சி நட்டாங்க, கயிறு கட்டினாங்க. பல்லு வெளக்கற பிரஷ் இருக்குல்ல, அத வச்சு மண்ண வெளக்கறாங்க சார்! எங்க வீட்டுத் தரையக்கூட நான் அப்படித் தேச்சதில்ல. கூட்ஸ் வண்டி போனா பூமி அதிரும், ஓரத்து மண்ணு பொலபொலன்னு குழிக்குள்ள சரியும். எல்லாரும் 'ஐயையோ'ன்னு ரெண்டு கையாலயும் தாங்கிப் புடிப்பாங்க. ரயிலு போனதும் மறுபடி மொதல்லேருந்து வெளக்கல்! எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், வயித்தெரிச்சல் ஒருபக்கம். பாதி எடம் கயித்துக்குள்ள போச்சே! வர்ற வண்டியெல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மீசைக்காரரு பார்க்கிங்குக்குப் போகுது. அவரு அங்கேருந்து எனக்குக் கைய வேற ஆட்டறாரு!

என்ன, லேட்டாகுதா? மாமியாரு பஸ் ஸ்டாண்டுல காத்திருக்காங்களா? காத்திருக்கட்டுமே சார்... அட, மொறைக்காதீங்க, சும்மா சொன்னேன்.

இன்னிக்கு மத்தியானத்தோட எல்லாம் முடிஞ்சிருக்கும். தொப்பி மேடம் கைத் தூசியத் தட்டிக்கிட்டு வந்து, 'இங்க ஒண்ணுமில்லம்மா, கயித்த அவுத்துடறோம்'னாங்க. நான் என்ன பண்ணிருக்கணும்? பல்லக் காட்டிட்டு டாட்டா சொல்லிருக்கணும். ரூமும் வந்திருக்கும், ஃபேனும் சுத்திருக்கும்.

ஆனா அந்தம்மா அதோட நிறுத்தல சார். கூட இருந்தவருகிட்டத் திரும்பி, 'வெறும் எடம். எந்தக் காலத்துலயும் மனுஷங்க இருந்த எடமாவே தெரியல'ங்கறாங்க. என் காதுபட! சுருக்குன்னுச்சு. வெறும் எடமா? நான் நிக்கற எடம் சார் இது! மழை பேஞ்சா பள்ளத்துக்கெல்லாம் நானே மண்ணு போட்டு மூடி, நின்னுபோன வண்டியெல்லாம் தள்ளிவிட்டு, யாரு ரயில விட்டுட்டு வந்தாலும் அவங்க பொலம்பறதக் கேட்டு... வெறும் எடமாம்ல!

'மேடம், இப்படி வாங்க'ன்னேன்.

உங்க வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கு லூசு. எடம் வேற தண்டவாளத்துப் பக்கமா சரிவு. அதனால எப்பவும்போல சக்கரத்துக்கு ஒரு செங்கல்ல முட்டுக் குடுத்திருந்தேன். அதக் காட்டி, 'இது என்ன, வெறும் எடத்துல மொளைக்குமா?'ன்னு கேட்டேன். தட்டு மாதிரி அகலமான கல்லு சார். மேல நாய்க் கால்தடம் கூட இருக்கு. காயறதுக்கு முன்னாடி எந்தக் கழுதையோ மிதிச்சுட்டுப் போயிருக்கு... நாயத்தான் சொல்றேன். என் குடைக்குக் கம்பி நடறதுக்கு உங்க வண்டி நிக்கற மூலையில தோண்டுனப்போ வந்தது. அடியில இன்னும் வரிசையா இருக்குன்னும் நாந்தான் சொன்னேன். யாரும் கேக்கல சார். நானாத்தான் சொன்னேன்.

அவ்ளோதான்! அந்தம்மா அப்படியே குப்புறப் படுத்துட்டாங்க. தொப்பி ஒருபக்கம் உருளுது, இவங்க டயருக்குப் பக்கத்துல கன்னத்த வச்சுக்கிட்டு செங்கல்லயே பாக்கறாங்க! எழுந்து வந்து என்னக் கட்டிப் புடிச்சாங்க. இத்தன நாளா பிரஷ்ஷால தடவுனவங்க மண்வெட்டியத் தூக்கினாங்க பாருங்க! வண்டிய நகத்தலாம்னா சாவி உங்க பாக்கெட்டுல. சாயங்காலத்துக்குள்ள வண்டிக்கு முன்னால குழி விழுந்துடுச்சு, பின்னால பழங்காலத்துச் சுவரு ஒண்ணோட தல தெரிஞ்சிடுச்சு. இனிமே கட்டடமும் கெடையாது, பார்க்கிங்கும் கெடையாதாம். ஓனரு போன்ல கத்தின கத்துல ரயில் சத்தமே கேக்கல. வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். 'உன் வாயத் தச்சு வைக்கணும்டி'ன்னு போன வச்சிட்டாரு. நாளைக்கு நான் எங்க போய் நிப்பேன்? மீசைக்காரருகிட்டயா வேல கேக்க முடியும்?

ஆனா சார்... அந்தம்மா குழிக்குள்ளேருந்து தலையத் தூக்கி, 'இங்க நெறைய பேரு நல்லா வாழ்ந்திருக்காங்கம்மா'ன்னு சொன்னாங்க. 'அதான் நான் அப்பவே சொன்னேனே'ன்னேன். அதச் சொல்றப்போ, எனக்கு என்னவோ...

சார்? எங்க, எழுந்துட்டீங்க? நடந்தேவா போறீங்க? சரி சரி, போங்க! மாமியாரக் கேட்டதாச் சொல்லுங்க! வண்டியப் பத்திக் கவலையே படாதீங்க! இந்த எடத்துல விட்டுட்டுப் போன எதுவும் தொலஞ்சதே கெடையாது! எப்ப வந்து தோண்டினாலும் இருக்கும்!