ஈடுசெய்ய முடியாதது

நான் மாணவர்களிடம் குரலை உயர்த்தியதே இல்லை, ஐயா. எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வணிக உத்தியில் முனைவர் பட்டம் வாங்க என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். முதலில் மலைமலையாக வாசிப்பு, பிறகு தகுதித் தேர்வு. அதைத் தாண்டினால், ஒரு நிறுவனம் ஏன் வென்றது, இன்னொன்று ஏன் தோற்றது என்று யாரும் சொல்லாத விளக்கம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துக்கொண்டு வந்தால், ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் கேட்பார்: "இதுக்கு வேற காரணம் இருக்க முடியாதா?" மாணவர் திரும்பிப் போய்த் தேட வேண்டும். நியாயமான கேள்விதான். ஆனால் உலகத்தில் எந்த முடிவைப் பார்த்தும் அதைக் கேட்கலாம். போதும் என்று சொல்ல நெறியாளர் ஒருவரால்தான் முடியும்.

என் தம்பியின் நெறியாளர் அதைச் சொல்லவில்லை. கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்வரை அவன் தேடிக்கொண்டிருந்தான். கடைசியில் விடுதி அறைக் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். இரங்கல் கூட்டத்தில் அவர், "கெட்டிக்காரப் பையன், தாங்கல" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். நான் அப்போது வேறு ஊரில் அதே படிப்பில் இருந்தேன். அழுது முடித்தேன். பட்டம் வாங்கினேன். நானும் நெறியாளர் ஆனேன்.

எங்கள் பாடத்தின் அரிச்சுவடி இது: எதிராளியின் பணத்தைப் பறித்தால் மறுபடி சம்பாதிப்பான், ஆளைப் பறித்தால் வேறு ஆள் வைப்பான், அவனால் ஈடுசெய்ய முடியாதது எது என்று பார். தம்பியின் நெறியாளருக்கு ஒரே மகள்.

அவளை என்னிடம் அனுப்பியதே அவர்தான். "கறாரான ஆளு, நல்லா செதுக்குவாங்க" என்றாராம். செத்துப்போன மாணவனுக்கு ஓர் அக்கா உண்டென்று அவருக்குத் தெரியாது. மாணவர்களின் வீட்டைப் பற்றி அவர் விசாரிப்பதில்லை.

நல்ல பெண். கொஞ்சம் வாய்த்துடுக்கு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, என் மூணாவது அத்தியாயத்துக்குப் பல்லு முளைச்சிடுச்சு. ஸ்கூல்ல சேர்த்துடலாமா?"

நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும், "வேற காரணம் இருக்க முடியாதா, பாரும்மா" என்றேன்.

பிறகு வேடிக்கைப் பேச்சு குறைந்தது. அதற்கப்புறம் சாப்பாடு. வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "எல்லாரும் பட்டதுதான்மா, தாக்குப்பிடி" என்றாராம் அப்பா. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"விட்டுட்டுப் போயிடட்டுமா அக்கா?" என்று ஒருநாள் கதவருகே நின்றபடியே கேட்டாள். போயிருந்தால் பிழைத்திருப்பாள். அது எனக்குத் தெரிந்தது. அதனால்தான், "இவ்வளவு தூரம் வந்துட்டு விடறதா? அப்பா முகத்துல எப்படி முழிப்பே?" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

காரியங்கள் முடிந்தபின் அவர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் பொண்ணு ஆராய்ச்சியில என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்ல சார். முதல் தடவை குடுத்தப்பவே போதும்னு சொல்லியிருக்கலாம்" என்றேன். என் தம்பி யார் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொடுத்தேன்.

எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது, ஐயா. அவள் உழைப்பு வீணாகக் கூடாதென்று அவள் ஆராய்ச்சியைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். அவள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. வழிநடத்தியவர் பெயரும் இருக்க வேண்டும் அல்லவா.